தீயில் மினுக்கிய ஐந்து தட்டுகள்

போன மாதம் துளசி ரெலிபோன் எடுத்தாள். நான் ஓய்வுபெற்ற கண்ணாடிப் பட்டறையில் இப்போது கண்ணாடி கடையும் இயந்திரத்தில் நிற்பவள் அவள்தான். பிறந்தது, படித்தது எல்லாம் ஸ்காபரோ.

“அங்கிள், பிஸியா?”

“பென்சன் எடுத்தவனுக்கு என்ன பிஸி? சொல்லும்.”

“ஓல்ட் கபினெட் எல்லாம் க்ளீன் பண்ணுறம். ஒரு கிளாஸ் பிளேட் கிடக்கு. ரவுண்டா, ஃபுல்லா ஓட்டை. பாக் சைட்ல உங்கட பேரும் 1986 எண்டும் எழுதி, ‘எறிய வேண்டாம்’ எண்டும் இருக்கு. உது என்ன அங்கிள், இடியப்பத் தட்டா?”

“எழுத்து எப்பிடி இருக்கு?”

“ஒண்டைப் பார்த்தா ஏழு மாதிரி இருக்கு.”

ஒன்றை ஏழு மாதிரி எழுதுகிறவர் எங்கள் பட்டறையில் ஒருவர்தான் இருந்தார். தட்டு எது என்று உடனே விளங்கிவிட்டது. சாராயம் வடிக்கும் கண்ணாடிக் கோபுரத்தின் தட்டு என்று சொன்னேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு.

“அங்கிள்! நீங்களா? இப்ப உதெல்லாம் ஒன்லைன்ல பெட்டியில வருது. நேற்றும் ஒராள் உடைஞ்ச துண்டோட வந்து ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டவர். வாட்டர் ஃபில்டராம்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்.”

“அப்ப நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

நான் சொன்னதும் தண்ணீர் என்றுதான். ஆனால் என் விஷயத்தில் அது உண்மை. அதை ரெலிபோனில் விளக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். நாட்களெல்லாம் என் நாட்குறிப்பிலிருந்து எடுத்தவை. ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ரொறன்ரோவுக்கு நான் வந்தது 1984 பெப்ரவரியில். மனைவி யோகமும் நான்கு வயது மகளும் யாழ்ப்பாணத்தில். அங்கே பனங்கள்ளிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்திருந்தேன். இங்கே அந்த அனுபவத்துக்கு ஒரே ஓர் இடம்தான் திறந்தது. அஜின்கோர்ட்டில் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுகூடக் கண்ணாடி செய்யும் சிறு பட்டறை. ஆய்வுகூடத்தில் இருந்தவன் என்றதும் விளக்குமாற்றைத் தந்தார்கள். உடைந்த கண்ணாடியைக் கூட்டினேன். பிறகு குழாய் வெட்டினேன். பிறகு விளிம்பு தேய்த்தேன். 1985 கோடையில் சுடரின் முன் உட்கார விட்டார்கள். அந்தப் பதினெட்டு மாதங்களைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை. விரல்கள் சுட்டன, ஆறின.

போர்மன் திரு. லஸ்லோ. ஹங்கேரிக்காரர். அவரும் ஒரு காலத்தில் எல்லை தாண்டி ஓடிவந்தவர்தான். எங்களைப் போல விமானத்தில் அல்ல, நடந்து. அவர் பேசியது உடைந்த ஆங்கிலம், நான் பேசியது பயந்த ஆங்கிலம். இரண்டையும் இங்கே தமிழில் தருகிறேன்.

சுடர் எரியும்போது அவர் பேசமாட்டார். ஏதும் சொல்ல வேண்டுமென்றால் முதலில் ஒட்சிசனை மூடுவார், பிறகு வாயுவை மூடுவார், ரோஸ் நிறப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றுவார், அதன் பிறகுதான் வாய் திறப்பார். திரும்பவும் சுடரைப் பற்றவைத்துச் சரிப்படுத்த ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குத் தகுதியில்லாத பேச்சை அவர் பேசியதேயில்லை. எங்களில் சிலர் மனைவியிடம்கூட இந்த முறையைப் பரீட்சித்துப் பார்த்ததுண்டு. பலன் சொல்லும்படி இல்லை.

செய்து முடித்த ஒவ்வொரு பொருளையும் ஒரு பெட்டிக்குள் பிடித்துப் பார்ப்பார். இரண்டு விசேட தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் விட்டால், கண்ணாடிக்குள் இறுக்கம் இருக்கும் இடமெல்லாம் நிறம் நிறமாகத் தெரியும். வானவில் தெரிந்தால் பொருள் மீண்டும் சூளைக்குப் போகவேண்டும். இரண்டாந் தடவையும் தெரிந்தால் குப்பைத் தொட்டி. திட்டமாட்டார். தொட்டிக்குள் விழும் சத்தம் போதும்.

முதல் நாளே அவர் சொன்ன சட்டம் ஒன்று உண்டு: “வெட்டிய விளிம்போடு ஒரு கண்ணாடியும் இந்த வாசலைத் தாண்டாது.” வெட்டிய, துளைத்த விளிம்பு நரநரவென்று இருக்கும், வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். அதைச் சுடரில் காட்டினால் கண்ணாடி கொஞ்சம் இளகித் தானே மழமழப்பாகும். தீயில் மினுக்குவது என்போம்.

1986 மே மாதம் லஸ்லோ ஒரு வரைபடத்தை என் மேசையில் வைத்தார். வாடிக்கையாளர் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் ‘தனியார்’ என்று மட்டும் இருந்தது. நாலங்குல அகலத்தில் ஐந்து கண்ணாடி வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்று. இரண்டு வளையங்களுக்கு இடையில் ஒரு தட்டு. தட்டு முழுக்கச் சிறு துளைகள். ஓரத்தில் ஒரு வழிகுழாய். எல்லாவற்றையும் நீண்ட திருகாணிகளால் இறுக்கவேண்டும். உச்சியில் குளிர்ந்த நீர் ஓடும் சுருள்.

பார்த்த மாத்திரத்தில் அது என்னவென்று அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் ஆலையில் இது செம்பில், இரண்டு மாடி உயரத்தில் நின்றது. அதற்குப் பெயரே கோபுரம்தான். கீழே கொதிக்கும் ஆவி, தட்டின் துளைகளுக்குள்ளால் மேலே ஏறும். மேலே குளிர்ந்த திரவம் கீழே இறங்கும். ஏறுகிற ஆவி நல்ல வேகத்தில் வந்தால், இறங்குகிற திரவம் துளைக்குள்ளால் ஒழுகாமல் தட்டின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கும். மிஞ்சியது வழிகுழாயால் அடுத்த தட்டுக்குப் போகும். ஒவ்வொரு தட்டும் ஒரு தடவை வடித்ததற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். செம்புக் கோபுரத்துக்குள் எதுவும் தெரியாது. காதை வைத்துத்தான் கேட்போம். இதையே கண்ணாடியில் செய்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கும். எனக்கு வாய் ஊறியது. சாராயத்துக்கல்ல, அந்தக் காட்சிக்கு.

கேள்வி கேட்கவில்லை. கண்ணாடி செய்வது குற்றமில்லை. தட்டுகளை நான்தான் செய்தேன். தட்டொன்றுக்கு அறுபது துளை, இரண்டு மில்லிமீற்றர் வைரத் துளைகருவியால், தண்ணீர் சொட்டச் சொட்ட. துளைகளின் விளிம்பு நரநரவென்று வெள்ளையாக இருந்தது. சட்டப்படி ஒவ்வொன்றையும் ஊசிச் சுடரில் மினுக்கினேன். ஐந்து தட்டு, முந்நூறு துளை, ஒன்பது நாள். லஸ்லோ ஒவ்வொரு தட்டையும் பெட்டிக்குள் பிடித்தார், வானவில் இல்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தார். சுடரை மூடாமலே, “அழகு” என்றார். சுடர் எரியும்போது அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நாட்குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ஒட்சிசனை மூடினார், வாயுவை மூடினார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.

“ரத்னம், அந்தத் தனியார் நான்தான்.”

“தெரியும், மிஸ்ரர் லஸ்லோ.”

“ஒக்ரோபர் நாலு என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊரில் பெண்ணின் தகப்பன் தன் கையால் வடித்த பிளம்ஸ் சாராயத்தைத்தான் முதல் கிண்ணத்தில் ஊற்றவேண்டும். இருபத்தொன்பது வருடமாக இந்த நாட்டில் ஒரு சட்டத்தையும் நான் மீறியதில்லை. இது ஒன்று. அஜக்ஸில் என் கராஜில் பொருத்திப் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். தட்டில் ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் மழைபோல் விழுகிறது. உனக்குக் கோபுரம் தெரியும். சனிக்கிழமை வா.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க இருந்தது இதுதான். இந்த நாட்டில் வீட்டில் வைன் போடலாம், பியர் போடலாம்; வடிக்கக்கூடாது. செப்டம்பர் 25ஆம் திகதி எனக்குக் குடிவரவு அலுவலகத்தில் நேர்முகம். அது சரிவந்தால்தான் யோகத்தையும் பிள்ளையையும் கூப்பிடலாம். அதற்கு வேலையிடத்துக் கடிதம் வேண்டும். கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவர் லஸ்லோ. கேட்டு மூன்று கிழமையாகியும் கடிதம் அவர் மேசையில்தான் கிடந்தது. போனால் பொலிஸ் பயம். போகாவிட்டால் கடிதப் பயம்.

நாங்கள் ஐந்து பேர் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். அதில் மூத்தவர் பரமண்ணை. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருந்தவர். ஸ்காபரோவில் செக்கியூரிற்றி வேலை செய்துகொண்டே எங்கள் எல்லோருக்கும் சட்ட ஆலோசனை வழங்கினார். விஷயத்தைச் சொன்னதும் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“உமக்கென்ன விசரே? பேப்பர் வாற நேரத்திலை கசிப்புக் கேஸிலை, கள்ளச் சாராயக் கேஸிலை மாட்டப் போறீரே?”

“கசிப்பில்லை அண்ணை. கல்யாணத்துக்கு...”

“கல்யாணக் கசிப்பு! கோட்டிலை அதுக்குத் தனிச் சட்டம் வைச்சிருக்கிறாங்களே? இஞ்சை பாரும் ரத்தினம். உம்மடை கண் அதைப் பார்க்கக்கூடாது, மூக்கு அதை மணக்கக்கூடாது, கால் அஜக்ஸிலை மிதிக்கக்கூடாது.”

“கடிதம் தராட்டி?”

“அதுக்குத்தான் யோசிக்கிறன்.” யோசித்தார். “மனுசனுக்கு என்ன தெரியவேணும்? தட்டிலை ஏன் நிக்கேல்லை எண்டுதானே? அதுக்குச் சாராயம் என்னத்துக்கு? தண்ணியைக் காய்ச்சிப் பார்த்தாத் தெரியாதோ?”

எட்டு வருடம் ஆலையில் இருந்த எனக்குத் தோன்றாதது, கசிப்பையே கண்டிராத பரமண்ணைக்குத் தோன்றியது. தண்ணீர் வேறு, மதுசாரம் வேறு, அளவுகள் மாறும். ஆனால் தட்டு ஒழுகுகிறதா நிற்கிறதா என்பதைப் பார்க்கத் தண்ணீர் தாராளமாகப் போதும்.

வெள்ளிக்கிழமை லஸ்லோவிடம் போனேன். என் இரண்டு நிபந்தனைகளையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். “நான் அஜக்ஸுக்கு வரமாட்டேன். கோபுரத்தை இங்கே கொண்டுவாருங்கள். தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவோம்.”

அவர் ரோஸ் நிறக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். “தண்ணீர்,” என்றார். பிறகு சுடரைப் பற்றவைத்தார். கோபமா சம்மதமா என்று ஒரு கிழமையாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய ஸ்ரேசன் வாகன் வந்தது. குளிப்பாட்டிய குழந்தையைப்போல் துவாய்களில் சுற்றிக் கோபுரத்தைக் கொண்டுவந்தார். பூட்டினோம். திருகாணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். ஒரு பக்கம் கூட இறுக்கினால் கண்ணாடி வெடிக்கும். நிமிர்வைக் குண்டுநூலால் பார்த்தேன். சரிந்து நின்றால் தட்டின் ஒரு பாதியில் மட்டும் திரவம் நிற்கும். உச்சியில் காற்றுப் போகும் வாய் திறந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். எங்கும் மூடிய பாத்திரத்தைக் கொதிக்கவைப்பவன் அதன் பக்கத்தில் நிற்கக்கூடாது. குடுவையில் குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சூட்டை ஏற்றினேன்.

நாற்பது நிமிடத்தில் ஆவி ஏறியது. கண்ணாடி ஒவ்வொரு வளையமாக மங்கி, பிறகு தெளிந்தது. உச்சியில் துளிகள் விழத் தொடங்கின. மேல் தட்டில் இரண்டு சொட்டு நீல மை விட்டேன். நீலம் நிற்கவேயில்லை. ஐந்து தட்டையும் துளைகளுக்குள்ளாலேயே தாண்டி நேரே குடுவைக்குள் போய்விட்டது. சூட்டைக் கூட்டினேன், விழுந்தது. இன்னும் கூட்டினேன், கொஞ்சம் தயங்கி விழுந்தது.

ஆவிக்கு வேகம் போதாது. சூடு போதும் என்றால், துளை பெரிது. வரைபடத்தில் இரண்டு மில்லிமீற்றர். நான் துளைத்ததும் இரண்டு. ஆறவிட்டுக் கழற்றி, அதே துளைகருவியின் தண்டை ஒரு துளைக்குள் விட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள் வாளிபோல் ஆடியது.

அப்போதுதான் விளங்கியது. மெல்லிய தட்டில் துளையின் விளிம்பைச் சுடரில் காட்டினால் கண்ணாடி இளகி, உருண்டு, பின்வாங்கும். துளை அகலும். முந்நூறு துளைகளையும் ஒன்பது நாள் குந்தியிருந்து அழகாகக் கெடுத்தவன் நான்தான். வேறெவராவது சோம்பேறி செய்திருந்தால் கோபுரம் முதல் நாளே ஓடியிருக்கும்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். வரைபடம் பிழை, சூடு பிழை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். கடிதம் இன்னும் மேசையில் இருந்தது. ஆனால் துளைகருவி கையில் ஆடிக்கொண்டிருக்கும்போது பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“மிஸ்ரர் லஸ்லோ, பிழை என்னுடையது. மினுக்கியதில் துளை அகன்றுவிட்டது.”

தட்டை வாங்கினார். தண்டை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

“யார் உன்னை மினுக்கச் சொன்னது?”

“நீங்கள். முதல் நாள். ‘வெட்டிய விளிம்போடு ஒரு கண்ணாடியும்...’”

“நான் சொல்லியிருந்தால்?” என்று குரலை உயர்த்தினார். “உனக்குக் கோபுரம் தெரியும், எனக்கா தெரியும்?” பிறகு விரலால் ஒரு துளையைத் தடவினார். இன்னொன்றைத் தடவினார். “அழகாகத்தான் இருக்கிறது,” என்றார். மற்ற நான்கையும் தொட்டிக்குள் போட்டார். நான்கு சத்தம் கேட்டது. ஐந்தாவதை எங்கே வைத்தார் என்று அன்று நான் பார்க்கவில்லை. துளசிதான் முப்பத்துச் சொச்ச வருடம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பரமண்ணை என்னோடு கதைக்கவில்லை. பிழையை ஒப்புக்கொள்வது கிளார்க் தொழிலில் கேள்விப்படாத காரியம்.

திங்கட்கிழமை என் மேசையில் கடிதம் இருந்தது. கையெழுத்தோடு. வழக்கமான வரிகளுக்குக் கீழே, தட்டச்சு செய்த தாளில், சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி கூடுதலாக: ‘இவர் தன் வேலையின் பிழையைத் தானே கண்டுபிடித்துத் தானே சொல்பவர்.’ இத்தனை கிழமை ஏன் தாமதம் என்று அலுவலகப் பெண்ணிடம் கேட்டேன். என் முழுப்பெயரை மூன்று தடவை பிழையாகத் தட்டச்சு செய்ததால் மூன்று தடவையும் திருப்பி அனுப்பினாராம்.

புதுத் தட்டுகள் ஐந்து துளைத்தேன். விளிம்பை நுண்கல்லால் மெல்லத் தேய்த்தேனே தவிர, தீ காட்டவில்லை. அவை கையில் நரநரத்தன. அந்தப் பட்டறையின் வாசலை வெட்டிய விளிம்போடு தாண்டிய முதற் கண்ணாடிகள் அவைதான்.

செப்டம்பர் 20, சனிக்கிழமை மறுபடி தண்ணீர். ஆவி ஏறியது. மேல் தட்டில் தண்ணீர் தயங்கியது, நின்றது, கூத்தாடியது. நீலத்தை விட்டேன். அது மேல் தட்டில் சுழன்று, நிரம்பி, வழிகுழாயால் அடுத்த தட்டுக்கு இறங்கியது. அங்கும் சுழன்றது. ஒவ்வொரு தட்டும் தனக்கு மேலே உள்ளதைவிட வெளிர். மேல் தட்டு தெளிய, கீழ்த் தட்டு நீலமாகிக்கொண்டிருந்தது. எட்டு வருடம் காதால் கேட்டதை அன்று கண்ணால் பார்த்தேன். லஸ்லோ முழங்காலில் கையூன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சுடர் ஒன்றும் எரியவில்லை. ஆனாலும் அவர் பேசவில்லை. மை வெளியேறித் தண்ணீர் தெளிந்த பிறகும் சூட்டை அணைக்கவேண்டாம் என்று சைகை காட்டினார்.

செப்டம்பர் 25, நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கடிதத்தை வாசித்துக் கடைசி வரியில் நின்றாள்.

“இது என்ன பிழை?”

“அளவுக்கு மிஞ்சி மினுக்கிவிட்டேன்.”

“எதை?”

“ஒரு வடிகருவி.”

“எதை வடிக்க?”

பரமண்ணை, நீங்கள் நூறாண்டு வாழ்க.

“நான் இரண்டு தடவை ஓட்டினேன். இரண்டு தடவையும் தண்ணீர்.”

அவள் தலையாட்டி ஏதோ எழுதினாள். அடுத்த கேள்வி மகளின் பிறந்த திகதி.

ஒக்ரோபர் 4 கல்யாணம். என்னையும் அழைத்திருந்தார்கள். லஸ்லோ சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டு வந்தார். கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துத்தான் ஒவ்வொருவரிடமும் கொடுத்தார். வானவில் தேடினாரோ தெரியாது. என் முறை வந்ததும் ஜிஞ்சர் ஏல் சோடாக் கிளாஸை உயர்த்திக் காட்டினேன். சிரித்தார். புறப்படும்போது ஒரு பழுப்புக் கடதாசிப் பையைக் கையில் திணித்தார். உள்ளே போத்தல். கனம்.

“உன் பங்கு,” என்றார்.

கையில் நெருப்பு. வாங்காமல் விட்டால் அவமதிப்பு, வாங்கினால் பேப்பருக்கு ஆபத்து. பையைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோய், அதன் மேல் ஒரு பத்திரிகை, அதன் மேல் உடுத்துப் பழசான ஒரு சாரம் என்று சுற்றி, சூட்கேசின் அடியில் வைத்தேன். பரமண்ணைக்குக்கூடச் சொல்லவில்லை. 1987இல் பேப்பர் வந்தது. அப்போதும் தொடவில்லை. வீடு மாறினேன், சூட்கேசும் மாறியது. கதவை யாராவது பலமாகத் தட்டினால் முதல் ஞாபகம் அந்தப் போத்தல்தான். 1988 மார்ச் 12 யோகமும் மகளும் வந்து இறங்கினார்கள். மூன்றாவது கிழமை யோகம் சூட்கேஸ்களை ஒழுங்குபண்ணினாள்.

“இஞ்சருங்கோ, சாரத்துக்குள்ளை உது என்ன போத்தில்?”

நடந்ததையெல்லாம் சொன்னேன். இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நாங்கள் அங்கை செல்லடிக்குப் பயந்து பங்கருக்குள்ளை இருக்க, நீங்கள் இஞ்சை ஒரு போத்திலுக்குப் பயந்து இருந்தனீங்களோ?”

மூடியைத் திறந்து மணந்தாள். “ஒரு மணமும் இல்லையே.” விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். “தண்ணி. வெறும் பச்சைத் தண்ணி.”

பையைக் கிழித்தேன். போத்தலில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றை ஏழு மாதிரி எழுதுகிறவரின் கையெழுத்து. இந்தத் திகதியில் ஒன்றே இல்லை: 20-9-86.

திகதி பார்க்காமல் பாற்பெட்டிகூட வாங்காதவன் நான். பதினெட்டு மாதமாக அந்தத் திகதியைப் பார்க்கவில்லை. அன்று ஏன் சூட்டை அணைக்கவேண்டாம் என்றார் என்பது அப்போதுதான் விளங்கியது. அன்று வடிந்ததைப் பிடித்துவைத்திருக்கிறார். ஐந்து தட்டில் ஏறி இறங்கிய தண்ணீர். என் பங்கு.

“காய்ச்சி வடிச்ச தண்ணியோ? நல்லதாப் போச்சு,” என்று யோகம் அதை நீராவி இஸ்திரிப் பெட்டிக்குள் ஊற்றி, என் வேலைச் சட்டைகள் ஆறையும் தேய்த்து முடித்தாள்.

திங்கட்கிழமை அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு லஸ்லோவின் மேசைக்குப் போனேன்.

“போத்தலை நேற்றுத்தான் திறந்தோம். இந்தச் சட்டையைத் தேய்த்தது அந்தத் தண்ணீரில்தான்,” என்றேன்.

அவர் ஒட்சிசனை மூடினார். வாயுவை மூடினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். என் கொலரைப் பார்த்தார், சட்டைக் கையைப் பார்த்தார், அதன் நடு மடிப்பை விரல் நுனியால் தடவினார்.

“ஒரு சுருக்கமும் இல்லை,” என்றார்.

பிறகு சுடரைப் பற்றவைத்தார்.